வீட்டுப்பாடம்: எந்த வகுப்புக்கு, எவ்வளவு, எங்கே உட்கார்ந்து?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வீட்டுப்பாடம் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் உடனே இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுவார்கள். "ஒண்ணுமே எழுதக் குடுக்க மாட்டேங்கறீங்க, பையன் டிவி முன்னாடியே உக்காந்திருக்கான்" என்று ஒரு பக்கம். "ராத்திரி பத்து மணி வரைக்கும் எழுதறாளுங்க டீச்சர், சாப்பிடக்கூட எந்திரிக்க மாட்டேங்கறா" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே உண்மைதான். சில சமயம் ஒரே வகுப்பிலிருந்தே இரண்டு புகாரும் வரும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒரு பள்ளியிலும், பிறகு சேலம் நகரில் ஒரு நடுநிலைப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில் எனக்குத் தெரிந்ததை வைத்து, பள்ளிகள் முன்னால் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை எழுத்து வீட்டுப்பாடம் வேண்டாம். அதற்கு மேல், ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் செய்ய முடியும் என்கிற வேலை பள்ளிக்குள்ளேயே முடிய வேண்டும். பிள்ளை யார் உதவியும் இல்லாமல் செய்யக்கூடியது மட்டும் வீட்டுக்குப் போகலாம்.

முதலில், ஏற்கெனவே இருக்கும் விதிகள். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையும் அதையே சொல்கிறது. அந்தக் கொள்கை மேல் வகுப்புகளுக்கும் அளவு வைத்திருக்கிறது: மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு 1 மணி நேரம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நாளுக்கு 2 மணி நேரம். வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால் நாளுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் டைரியில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நாலு வரி இருந்தால் அந்த அளவு அன்றைக்கே தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் வெகு முன்பே, 1993-ல், பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு சுமையில்லாத கற்றல் பற்றிய அறிக்கையில் இதைச் சொல்லிவிட்டது. தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் வேண்டாம். கொடுத்தால் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்வதாக இருக்கட்டும் என்பது அதன் பரிந்துரை. பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுவதை அது ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகள் கடந்தும் நம் பிள்ளைகள் கேள்வி பதிலை மூன்று முறை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம். முதல் வழி, இப்போது பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது: தினமும், எல்லாப் பாடத்திலும் ஏதாவது எழுதக் கொடுப்பது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணத்தை லேசாக ஒதுக்க முடியாது. கற்றதை இடைவெளி விட்டுத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்தால் அது நிலைக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் 1885-லேயே தன் நினைவாற்றலைத் தானே சோதித்து, மறதி முதல் நாளில்தான் வேகமாக நடக்கிறது என்று காட்டினார். காலையில் நடத்திய வகுத்தலை மாலையில் ஒருமுறை செய்து பார்ப்பதில் நிச்சயம் பலன் உண்டு.

ஆனால் அந்தப் பலன் கிடைக்க, மாலையில் செய்வது சரியாக இருக்க வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 403-லிருந்து 178-ஐக் கழி. விடை 225. கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் பிடிபடாத பிள்ளை 375 என்று எழுதும். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடும்: எட்டில் மூன்று போனால் ஐந்து, ஏழில் பூஜ்யம் போனால் ஏழு, நாலில் ஒன்று போனால் மூன்று. பிள்ளையின் மனதில் அது ஒரு முறை. அந்த முறைப்படி எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. இந்தப் பிள்ளையிடம் இருபது கழித்தல் கணக்கு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், தவறான முறையை இருபது தடவை பழகிக்கொண்டு காலையில் வரும். சிவப்பு மையில் இருபது பெருக்கல் குறி வாங்கும். வகுப்பிலேயே மூன்று கணக்கு போடச் சொல்லி, முதல் கணக்கில் பென்சில் நிற்கும் இடத்தில் ஆசிரியர் குனிந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அது.

தினசரி வீட்டுப்பாடத்தின் இன்னொரு சிக்கல், நோட்டைத் திறந்தாலே தெரியும். முதல் இரண்டு வரி பிள்ளையின் கையெழுத்து, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஏறி இறங்கும். மூன்றாவது வரியிலிருந்து எழுத்து வரிசை கட்டி நிற்கும். 'ழ' அழகாகச் சுழியும். அது அம்மாவோ அக்காவோ எழுதியது. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். மணி ஒன்பதரை, பிள்ளை தூங்கி விழுகிறது, நாளைக்கு நோட்டு காட்டாவிட்டால் வெளியே நிற்க வைப்பார்கள் என்றால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆனால் அந்த நோட்டைப் பார்த்து ஆசிரியர் பிள்ளையைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

எழுதித்தர ஆள் இல்லாத வீடுகள் எத்தனையோ. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஒரே அறைதான், பகலில் அது பட்டறை, இரவில் படுக்கை. கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீட்டில் சத்தம் எப்படி இருக்கும் என்று போய் நின்று கேட்டால்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அங்கே உட்கார்ந்து ஏழாம் வகுப்புப் பையன் ஆங்கிலக் கட்டுரை எழுத வேண்டும். அதே வகுப்பில், தனி அறையும் மேசையும், சந்தேகம் கேட்கப் படித்த அப்பாவும் உள்ள பிள்ளையும் இருக்கிறது. காலையில் இரண்டு நோட்டையும் ஒரே அடுக்கில் வைத்துத் திருத்துகிறோம்.

சேலத்தில் மட்டும் இப்படி என்று இல்லை. பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பீசா தேர்வின் 2012-ஆம் ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்தபோது, தேர்வை நடத்தும் ஓ.இ.சி.டி. அமைப்பின் உறுப்பு நாடுகளில் அந்தப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு வாரம் சராசரியாக 5 மணி நேரம் செலவழித்தார்கள் என்றும், வசதியான வீட்டுப் பிள்ளைகள் வசதி குறைந்தவர்களைவிட சுமார் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகச் செய்தார்கள் என்றும் தெரியவந்தது. எல்லோருக்கும் ஒரே வேலை என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. அது போய்ச் சேரும் வீடுகள் ஒன்றாக இல்லை.

தனியார் பள்ளிகளில் இது வேறு விதமாக ஓடுகிறது. யு.கே.ஜி. பிள்ளைக்கே டியூஷன். என்ன டியூஷன் என்று கேட்டால், "ஹோம் ஒர்க் முடிச்சு அனுப்பிருவாங்க" என்கிறார்கள். பள்ளிக்கு ஒரு கட்டணம், பள்ளி கொடுத்த வேலையை முடிக்க இன்னொரு கட்டணம். வேலைக்குப் போகும் பெற்றோர் வேறு என்ன செய்வார்கள்? கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று தடுக்கிறது. ஆனால் டியூஷன் இல்லாமல் முடிக்க முடியாத அளவுக்குப் பள்ளி வேலை கொடுத்தால், பெற்றோர் எங்காவது ஓர் ஆளைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் முழுக்க நிறுத்திவிடலாமே? இது இரண்டாவது வழி. தொடக்க வகுப்புகளில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் பல ஆய்வுகளைத் திரட்டி 1989-லும் 2006-லும் வெளியிட்ட முடிவுகளின் சாரம்: மேல்நிலை வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரிகிறது, தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிக மெலிது. ஆக, சின்னப் பிள்ளைகளிடமிருந்து விளையாட்டையும் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டு நாம் கொடுப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல் முழுத் தடை எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு ஒரு காரணம், மதிப்பெண்ணோடு சம்பந்தம் இல்லாதது. தறி ஓட்டும் குடும்பத்துத் தாய் ஒருவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க எழுதக் குடுத்தாத்தானுங்க டீச்சர் அவளை விடறாங்க. புத்தகம் கையில இல்லைன்னா தார் சுத்த வான்னு கூப்ட்ருவாங்க." (தார் என்பது தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்சுற்று.) பதினாலு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கின் எல்லை வீட்டுக்கு வீடு நீளும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. நோட்டு அங்கே ஒரு பாதுகாப்பு. அதை யோசிக்காமல் பிடுங்கிவிட முடியாது.

தடை போட்டாலும் அது தானாக நடந்துவிடாது என்பதும் உண்டு. பிரான்சில் தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வீட்டுப்பாடத்துக்கு 1956-லேயே தடை வந்துவிட்டது. இன்றுவரை அங்கே பல ஆசிரியர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெற்றோரே கேட்கிறார்கள். நம் ஊரிலும் அதே கதைதான். அதிகம் எழுதக் கொடுக்கும் பள்ளியை நல்ல பள்ளி என்று நினைக்கும் பெற்றோரிடம் முதலில் உட்கார்ந்து பேசாமல் சுற்றறிக்கையால் மட்டும் இதை மாற்ற முடியாது.

மூன்றாவது வழி நேர வரம்பு. கூப்பர் ஆதரித்த பத்து நிமிடக் கணக்கு பல நாடுகளில் புழங்குகிறது: வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வருவது ஒரு நாளுக்கான நிமிடம். ஐந்தாம் வகுப்புக்கு ஐம்பது. நம் பள்ளிப் பை கொள்கையின் அளவோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் நம் கொள்கையின் பக்கம்தான் நிற்பேன். சீனா 2021-ல் கொண்டுவந்த விதியில் ஒன்று இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வேலையே கிடையாது, மூன்று முதல் ஆறு வரை 60 நிமிடம், அடுத்த மூன்று வகுப்புகளுக்கு 90 நிமிடம்.

வரம்பு நல்லதுதான், ஆனால் அதை யார் கூட்டிப் பார்ப்பது? ஏழாம் வகுப்புக்கு ஐந்து பாடம், ஐந்து ஆசிரியர்கள். ஆளுக்கு இருபது நிமிட வேலை கொடுத்தால் நூறு நிமிடம். ஐந்து பேரில் ஒருவர்கூட அதிகமாகக் கொடுக்கவில்லை, ஆனாலும் பிள்ளைக்கு ஒரு மணி நேர வரம்பு தாண்டிவிட்டது. இதற்குத் தீர்வு மிக எளிது. கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, அன்றைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் ஆசிரியர் பாடத்தையும் நிமிடத்தையும் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பாடத்துக்கு மேல் இல்லை. திங்கள் கணக்கும் தமிழும், செவ்வாய் ஆங்கிலமும் அறிவியலும் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் குறை இருக்காது. அப்புறம், நிமிடம் என்பது ஆசிரியர் வேகத்தில் கணக்கிடும் நிமிடம் அல்ல. மெதுவாக எழுதும் பிள்ளை அரை மணி நேரத்தில் எவ்வளவு முடிக்கிறதோ அதோடு நிறுத்தி, பெற்றோர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வைக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத வீட்டில் பிள்ளையே நேரத்தை எழுதட்டும்; நம்புவோம்.

வாரத்துக்கு ஒரு தொகுப்பாகக் கொடுப்பது நான்காவது வழி. வெள்ளிக்கிழமை கொடுத்து அடுத்த வெள்ளிக்கிழமை வாங்குவது. ஒரு நாள் உறவில் விசேஷம், ஒரு நாள் கரண்ட் இல்லை என்றால் பிள்ளை தடுமாறாது. வியாழன் இரவு வரை தள்ளிப்போடும் பழக்கம் வரும் என்பது இதன் குறை. செவ்வாய்க்கிழமை ஒரு பார்வை பார்த்தால் பாதி குறை தீரும். எட்டுக்கு மேல் இது நன்றாக வேலை செய்யும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். வீட்டுக்கு ஒரு போன், அது அப்பாவோடு நைட் ஷிப்ட்டுக்குப் போய்விடும். குரூப்பில் இல்லாத பிள்ளைக்கு வேலை என்னவென்றே தெரியாது. மணி அடிப்பதற்குள் பலகையில் எழுதியதுதான் வீட்டுப்பாடம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழி, பள்ளியிலேயே செய்ய வைப்பது. பிரான்சு 2017-ல் நடுநிலை வகுப்புகளுக்கு இதைத் தொடங்கியது: வகுப்பு முடிந்தபின் பெரியவர்கள் துணையோடு பள்ளியிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுப் போவது. நமக்கும் இது புதிதல்ல. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைத்தார்கள். பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருந்தால் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த மாலைகளில் பல தெருக்கள் பார்த்தன.

ஆனால் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் இருக்க வைப்பது சேலம் நகரில் முடிந்தாலும் மலையில் முடியாது. ஏற்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பிள்ளைகள் எஸ்டேட் பாதையில் நடந்து வருகிறார்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே பனி இறங்கிவிடும். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். நவம்பரில் தொடங்கி காப்பி பறிப்புக் காலம் வேறு. பெற்றோர் பழம் பறிக்கப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளை. சோறு வைப்பதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். அந்த வீட்டுக்கு நாம் மூன்று பக்கக் கேள்வி பதில் அனுப்புகிறோம்.

அதே மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் நிலை நேர் எதிர். விளக்கு, சாப்பாடு, மாலையில் படிக்கும் நேரம் எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் கேட்க அண்ணன்மார், அக்காமார் இருக்கிறார்கள். ஒரே ஒன்றியத்தில் இரண்டு பள்ளி, இரண்டு விதமான மாலை. மாவட்டம் முழுக்க ஒரே விதி எழுதி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். அந்தந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவே முடிவெடுக்கட்டும்.

பள்ளி விட்டபின் நேரம் இல்லை என்றால், பள்ளி நேரத்துக்குள்ளிருந்தே எடுக்க வேண்டியதுதான். ஆறு முதல் எட்டு வரை வாரத்தில் மூன்று நாள் கடைசிப் பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். புதிதாக எதுவும் நடத்தக் கூடாது. அன்று நடத்தியதில் பிள்ளைகள் வேலை செய்வார்கள், ஆசிரியர் சுற்றி வருவார். உடனே வரும் எதிர்ப்பு எனக்குத் தெரியும்: "போர்ஷன் முடியாது." ஆனால் ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் பத்து நிமிடம் எங்கே போகிறது என்று பாருங்கள். நோட்டு வசூல், எழுதாதவர் பட்டியல், "ஏன் எழுதல", நிற்க வைப்பது. ஐந்து பாடத்துக்கும் சேர்த்தால் ஒரு பாடவேளைக்கு மேலேயே அதில் கரைகிறது. அந்த நேரத்தை மாலையில் நல்லபடியாகச் செலவழிக்கலாம் என்கிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் நியாயமாக நடத்த சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் வேண்டாம். ஆறு முதல் எட்டு வரை, பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளை வைத்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்பது நமக்குப் பழக்கமான கணக்கு. அந்த 40-க்குள் வீட்டில் செய்த சார்ட்டும் தெர்மாகோல் மாடலும் நுழைந்துவிடுகின்றன. பேன்சி ஸ்டோரில் வாங்கிய காற்றாலைக்குப் பதினெட்டு, தீப்பெட்டியை ஒட்டி தானே செய்த காற்றாலைக்குப் பன்னிரண்டு என்று போட்டால் அந்த வித்தியாசம் அப்பாவின் பர்ஸுக்குப் போட்ட மதிப்பெண். செயல்பாடு எதுவானாலும் வகுப்பிலேயே, பள்ளி கொடுக்கும் பொருளில் செய்யட்டும்.

எழுதாமல் வந்த பிள்ளையை வெளியே நிறுத்துவதும் முட்டி போட வைப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. உடல் தண்டனை மட்டுமல்ல, மனதை நோகடிப்பதும் அதில் அடங்கும். இம்போசிஷன் என்று நூறு தடவை எழுத வைப்பதையும் நான் அதே கணக்கில்தான் சேர்ப்பேன். "ஏன் கண்ணு எழுதல?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் வரும். பாதிப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. சிலருக்கு இடம் இல்லை, நேரம் இல்லை. சிலர் விளையாடப் போய்விட்டார்கள், அதுவும் தெரிய வேண்டியதுதான். மூன்றுக்கும் மூன்று விதமான வழி. புரியாதவனுக்குத் திரும்ப நடத்த வேண்டும், இடம் இல்லாதவனுக்குக் காலை வழிபாட்டுக்கு முன் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க வேண்டும்.

இன்னொன்று, பார்க்க முடியாததைக் கொடுக்கக் கூடாது. நாற்பது நோட்டு, நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் எண்பது நிமிடம்; இரண்டு பாடவேளை. நேரம் இல்லாமல் ஒரு டிக் போட்டுக் கையெழுத்து வைத்தால் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும், அடுத்த நாள் எழுத்தும் அப்படியே இருக்கும். தினமும் பத்து நோட்டை மட்டும் எடுத்து முழுதாகப் படித்து ஒரு வரி எழுதினால், நாலு நாளில் வகுப்பு முழுக்க வந்துவிடும்.

ஆக, என் பள்ளியில் கேட்டால் நான் சொல்வது: ஐந்து வரை எழுத்து வேலை இல்லை. பாட்டியிடம் கதை கேட்டு வந்து சொல், வீட்டில் பால் எத்தனை லிட்டர் என்று பார்த்து வா, நூலகப் புத்தகத்தில் ரெண்டு பக்கம் சத்தமாகப் படி, அவ்வளவு போதும். ஆறு முதல் எட்டு வரை கடைசிப் பாடவேளையில் பள்ளியிலேயே. வீட்டுக்கு அரை மணி நேர வாசிப்போ, வகுப்பில் சரியாகப் போட்ட கணக்கின் தொடர்ச்சியோ மட்டும். வீட்டில் வேலைக்கு இழுக்கப்படும் பிள்ளைக்கு அந்த அரை மணி நேரத்தைக் கண்டிப்பாகக் கொடுத்து, பெற்றோரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஒன்பது, பத்தில் வாரத் தொகுப்பு, இரண்டு மணி நேர வரம்புக்குள்.

இதை ஜூனில் தொடங்கிக் காலாண்டுத் தேர்வு வரை நடத்திப் பார்க்கலாம். விடுமுறை முடிந்து வரும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்றைப் பார்த்தால் போதும்: எழுதாமல் வந்தவர்கள் யார் யார், திங்கட்கிழமை வராமல் நின்றவர்கள் யார் யார், கழித்தலில் இன்னும் தடுமாறுபவர்கள் யார் யார். மூன்று பட்டியலிலும் ஒரே பெயர் வந்தால் அந்த வீட்டுக்கு ஆசிரியர் ஒருமுறை போய் வர வேண்டும். மலைப் பள்ளிகள் நவம்பர் முதல் வாரத்தில், காப்பி பறிப்பு தொடங்கும்போது, இன்னொரு முறை கூடி வீட்டுக்குப் போகும் அரை மணி நேரத்தையும் பொங்கல் வரை எடுத்துவிடலாமா என்று பேசி முடிவு செய்யட்டும்.